கேட்காமல் வாங்கிய கையெழுத்து

ஏனாத்தூர் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உத்திரமேரூரிலிருந்து காலை பஸ்ஸில் போய், கூண்டுகளில் உமி மாற்றி, தீனி வைத்து, எடை பார்த்து எழுதுவேன். புராஸ்டேட் புற்றுநோய்க் கட்டி வைத்த ஆண் சுண்டெலிகள் அவை. விதைகளை எடுத்துவிட்டால் ஆண் ஹார்மோன் குறைந்துபோகும். அதைத் தின்று வளரும் கட்டி சுருங்கும். மயக்க மருந்து கொடுத்ததும் எலியை மல்லாக்கப் போட்டுக் காலில் டேப் ஒட்டுபவள் நான்தான். ஒன்று முடிந்ததும் அடுத்த எலியை எடுப்பேன்.

அதே நோய் என் நைனாவுக்கும் வந்தது. எலும்புவரை பரவிவிட்டதாம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "விதை ரெண்டையும் எடுத்துடலாம். இல்லேன்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊசி. அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்லும்மா" என்றார்.

எப்படிக் கேட்பது? நைனா கூலிக்கு ஏர் ஓட்டியவர். சுற்றுப்பட்டு ஊர்களில் காளைக்குக் காயடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மனிதரிடம், பெற்ற மகள் நான், எந்த வார்த்தையை எடுத்துப் பேசுவது? ஊசிக்கு ஒழுங்காக வரமாட்டார், பாதியில் விட்டுவிடுவார் என்று நானே முடிவு கட்டி, ஆபரேஷனே பண்ணிவிடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"இன்னாம்மா பண்ணப் போறாங்க?" என்று கேட்டார்.

"சின்னக் கட்டி கீது நைனா. எடுத்துட்டா சரியாப் பூடும்."

"அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

ஆஸ்பத்திரியில் நீட்டிய சம்மதப் படிவத்தில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. வீடு வந்து சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. கஞ்சி கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ பொழைக்கணும்னுதான் நைனா. எலிங்களுக்கு இதப் பண்ணா கட்டி சுருங்கிப் பூடுது. நானே கண்ணால பாத்துக்கினு கீறேன்."

சில எலிகளுக்குக் கொஞ்ச நாளில் கட்டி மறுபடியும் வளர்ந்துவிடும். பாவி, அதையும் மறைத்தேன்.

நைனா சுவரைப் பார்த்தபடியே பேசினார். "எத்தினி மாட்டக் கட்டிப்போட்டுக் காயடிச்சிக்கீறேன். ஒண்ணக்கூட கேட்டதில்ல. கேட்டா மட்டும் அது இன்னா சொல்லப் போவுது?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர் குடிக்காமலே கீழே வைத்தார்.

"என்னக் கேட்டிருக்கலாமேம்மா. சரின்னுதான் சொல்லியிருப்பேன்."