பதினேழு முறை சொன்ன மனிதர்

1976 மே 12, புதன்கிழமை, காலை பத்து இருபது, மெல்லிய தூறல். ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்து நான் வேலைபார்த்த பரமட்டா அலுவலகத்தில் தேநீர் இடைவேளை. அமெரிக்க சனாதிபதி வேட்பாளரைக் கட்சிக்குள் தெரிவுசெய்ய மாநிலம் மாநிலமாக நடந்த தேர்தலின் முடிவுகளை வானொலி வாசித்துக்கொண்டிருந்தது. நான் காணாத அந்த ஊர்கள், சோள வயல்களும் நீண்ட வீதிகளுமாக, நனைந்த யன்னல் கண்ணாடியில் நகர்ந்துபோவதுபோல் இருந்தது.

எனக்குப் பிடித்த வேட்பாளர் தோற்றுக்கொண்டே வந்தார். ஆனால் "விலகமாட்டேன்" என்று அவர் சொன்னதாகப் பத்திரிகையில் வரும்போதெல்லாம் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டேன். பதினேழு கோடுகள். அவற்றை நம்பிப் பக்கத்து மேசைத் திருச்சி நண்பரிடம் பந்தயம் கட்டியிருந்தேன். தோற்பவர், வென்றவர் ஊருக்கு மூன்று நிமிடம் பேசுவதற்கான தொலைபேசிக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். நான் மனைவியின் குரலைக் கேட்டு எட்டு மாதமாகியிருந்தது.

"பதினேழு தரம் சொன்ன மனிசன் எப்பிடி ஐசே விலகுவான்?" என்றேன்.

"இருக்கப்போறவன் எதுக்கு சார் பதினேழு தடவை சொல்லணும்? பேசாம இருந்துட்டுப் போவான்ல!" என்று சிரித்தார் நண்பர்.

பத்தரைக்கு, அவர் விலகிவிட்டார் என்றது வானொலி.

சனிக்கிழமை தபால் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டில் நண்பர் தன் மனைவியோடு பேசினார். நான் வெளியே நின்றேன். கண்ணாடிக் கதவிடுக்கால் அந்தப் பெண்ணின் குரல், கடல் கடந்த களைப்போடு, மெல்லக் கசிந்தது. சொற்கள் விளங்கவில்லை. மூன்று நிமிடமும் அது என் மனைவியின் குரல் என்றே நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கட்டணத்தைச் செலுத்தினேன்: ஒன்பது டொலர் அறுபது சதம்.