நடுவில் ஒரு வெறும் பக்கம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஓர்கன் வாசித்தது நான்தான். சுவாமியாரிடம் நன்மை அப்பம் எடுக்கும் வரிசை முடியும்வரை இசை ஓடவேண்டும். யுத்த காலம்; வீதியில் ஆமிச் சோதனை இருக்கும் நாட்களில் சனம் பாதிப் பூசைக்குத்தான் வந்து சேரும், வரிசையும் நீண்டுகொண்டே போகும். ஓர்கனுக்கு மேலே ஒரு கண்ணாடி தொங்கியது. அதில் வரிசையின் வாலைப் பார்த்து நீட்டுவேன், குறுக்குவேன். எல்லாம் கைக்கு வந்தபடிதான். தாளில் எழுதி வைத்து வாசிப்பவர்கள் என்றால் எனக்கு ஒரு இளக்காரம்.

அதை உடைத்தவர் கல்கிசையிலிருந்து பூசைக்கு வந்த ஒரு செலோக்கார அம்மா, சிங்களவர். "போன கிழமை வாசிச்சதைத் திரும்ப வாசி பாப்பம், மல்லி" என்று தன் மொழியில் தம்பி முறை சொல்லிக் கேட்டார். முடியவில்லை. வெட்கமாகப் போயிற்று. அந்த ரோசத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். வயலின், வியோலா, செலோ மூன்றுக்கும் ஒவ்வொரு சுரமாக எழுதினேன். நடுவில் மூவரும் நிறுத்த, நான் தனியாகப் பியானோ வாசிப்பேன். நான் தலையாட்டியதும் அவர்கள் மீண்டும் தொடங்கவேண்டும். அந்தப் பியானோப் பக்கத்தை மட்டும் எழுதாமல் விட்டேன்.

"உன்ட பகுதியையும் எழுது" என்றார் அவர்.

"அது என்ர கையில இருக்கு."

என் முதல் அரங்கேற்றம் வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம். போகிற வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தலைப்பிள்ளைப் பேறுக்கு அம்மா தாய்வீடு போனவர். அதனால் கொட்டாஞ்சேனையிலேயே வளர்ந்த என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதைப் பார்த்ததும் பொலிசுக்குக் கொண்டுபோய் மரவாங்கில் இருத்தினார்கள். கச்சேரி இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். என்னைப்போலப் பிடிபட்டுப் பக்கத்தில் இருந்தவருக்கு அன்று தங்கையின் கலியாணம்.

விட்டபோது பொழுதுபட்டுவிட்டது. மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செலோக்கார அம்மா மட்டும் வாசற்படியில் இருந்தார்.

"வாசிச்சனாங்கள்" என்றார்.

நான் இல்லாமலே நடந்திருக்கிறது. சந்தோசமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

"நடுவில என்ன செய்தீங்கள்?"

"வில்லைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வாசலைப் பாத்தம். சனமும் திரும்பிப் பாத்தது. நீ வரமாட்டாய் எண்டு தெரிஞ்ச பிறகுதான் மிச்சத்தைத் தொடங்கினம்."

அதற்குப் பிறகு எழுதியவை எல்லாவற்றிலும் ஒவ்வொரு சுரமும் தாளில் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பவில்லை. அங்கே பியானோ இல்லை, மூவரும் வாசலைப் பார்க்கவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.