கப்பலில் பாடம் எடுக்கப் போன அஸ்ரின்

அஸ்ரினுக்குச் சின்ன வயதிலிருந்தே கால் ஓரிடத்தில் தரிக்காது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரும்பு ஏணியில் ஏறிப் போகிற மாடி அறையில் பிறந்து வளர்ந்தவள். கையை வீசி நடக்க அந்த அறையில் இடம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, வெளியே கிளம்பிவிட்டால் திரும்பி வர மனசே வராது. படிப்பு முடிந்ததும் கால் சென்டரில் கொஞ்ச காலம், மாட்டுங்காவில் ஒரு டிராவல் ஏஜென்சியில் கொஞ்ச காலம் இருந்தாள். டோம்பிவிலி அப்துல் ஹாதியைக் கட்டிக்கொண்டு போன வாழ்க்கையும் நிலைக்கவில்லை. பிரிந்து உம்மா சாயிராவிடமே வந்து சேர்ந்தாள். கடைசியில் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர் வேலை கிடைத்தது. அங்கேயும் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்குமாக நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவாள். பக்கத்து வகுப்பு வந்தனா டீச்சர், "உன் கிளாஸ்ல மட்டும் தரை தேஞ்சு போச்சு" என்று கேலி செய்வாள்.

கப்பல் விஷயத்தை முதலில் காதில் போட்டவர் சங்கரன். மாட்டுங்கா டிராவல் ஏஜென்சியில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்தவர்.

"சொகுசுக் கப்பல்ல லெக்சர் கொடுக்க ஆள் தேடறா, அஸ்ரின். சம்பளம் கிடையாது. ஆனா கேபின், சாப்பாடு எல்லாம் அவா பாத்துப்பா. கூட ஒருத்தரையும் அழைச்சிண்டு போலாம். கரையே தெரியாம கப்பல் போயிண்டிருக்கற நாள்ல ஜனங்களுக்குப் பொழுது போகணுமோல்லியோ? டான்ஸ் கிளாஸ், பெயிண்டிங் கிளாஸ், அதோட இந்த மாதிரி லெக்சர். நீதான் காத்து, மழைன்னு கதை கதையா சொல்லுவியே!"

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பருவக்காற்றைப் பற்றித் தான் பேசுவதை மொபைலில் படம் பிடித்து, பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏஜென்சிக்கு அனுப்பினாள். கூடவே தன்னைப் பற்றிய அறிமுகம். ஊர் என்ற இடத்தில் 'மும்பை, சயான்' என்று எழுதினாள். தாராவியை ஒட்டியே இருக்கிற, சொன்னால் யாரும் முகம் சுளிக்காத பகுதி. எழுதும்போது விரல் தயங்கக்கூட இல்லை. தாராவிக்காரர்களில் பாதிப்பேர் ஆபீசில் சொல்வது அதைத்தான்.

ஒரு வருஷத்துக்கு மேல் பதில் இல்லை. மறந்தே போன சமயத்தில் கூப்பிட்டார்கள். சிங்கப்பூரில் கிளம்பி கொழும்பு, கொச்சி, கோவா வழியாக மும்பை வந்து சேரும் கப்பல். மூன்று உரைகள். தீபாவளி விடுமுறையோடு ஒத்துப்போனது. கூடப் போக உம்மாவை விட்டால் வேறு யார்?

"நான் கப்பல்ல வந்து என்னளா செய்யப் போறேன்?" என்றாள் சாயிரா.

"ஒண்ணுஞ் செய்ய வேண்டாம் உம்மா. சும்மா இரு."

"அது எனக்குத் தெரியாதே" என்றாள் அவள். ஆனால் வந்தாள்.

முதல் உரை படுதோல்வி. அரங்கம் பெரியது, கூட்டம் சின்னது. எல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள். அஸ்ரின் மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எழுதி வைத்ததை மூச்சு விடாமல் வாசித்தாள். முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள். ஒரு மணி நேரத்துக்குத் தயாரித்தது பாதி நேரத்திலேயே தீர்ந்துவிட்டது.

மேடையில் மைக்கும் திரையும் கவனித்துக்கொண்டவன் சாய்நாத், டோம்பிவிலிப் பையன். அவள் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "மேடம், ஆராம் சே போலோ. இதர் கிசி கோ லோக்கல் நஹி பகட்னா ஹை." நிதானமாகப் பேசலாமாம், இங்கே யாருக்கும் லோக்கல் டிரெயினைப் பிடிக்கிற அவசரம் இல்லையாம்.

அவள் சிரிக்கவில்லை. மேல்தளத்துக்குப் போய் கப்பலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். எவ்வளவு நடந்தும் அதே இடத்துக்குத்தான் வந்தாள். இவ்வளவு பெரிய கடலின் நடுவில் தப்பித்துப் போக ஒரு சந்து இல்லையே என்று தோன்றியது.

இரண்டாவது உரையில் மேஜையைத் தொடவேயில்லை. தாளையும் கேபினிலேயே விட்டுவிட்டாள். செம்பூர் வகுப்பறையில் நடப்பது போலவே மேடையில் இங்குமங்கும் நடந்தபடி, காற்றுத் திரும்புவதற்காக மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்துக் கிடந்த அந்தக் காலத்து மாலுமிகளைப் பற்றிச் சொன்னாள். காத்திருக்கிறவனின் தவிப்பைச் சொல்ல அவளுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. பேசி முடித்ததும் கைதட்டினார்கள். பெவர்லி என்ற பாட்டி, ஆஸ்திரேலியாவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், மேடைக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினாள். சாயிராவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் மகளுக்குக் கிடைத்த கைதட்டல் புரிந்தது.

மறுநாள் காலை கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். இலங்கைக்குக் கிழக்கே புயல் உருவாகியிருக்கிறது, கொழும்புக்குள் போக முடியாது, தெற்கே விலகிச் சுற்றி நேராகக் கொச்சிக்குப் போகிறோம் என்றார். கப்பல் ஆட ஆரம்பித்திருந்தது. கரை பார்க்கத் தயாராக இருந்த ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு வராந்தாக்களில் நின்றார்கள். நிகழ்ச்சிகளை நடத்தும் ஹெலன் அஸ்ரினைத் தேடி வந்தாள்.

"இன்னொரு உரை வேண்டும், மதியத்துக்கே. மும்பையில் என்ன பார்க்கலாம் என்று சொல்லுங்கள். படங்கள் கம்பெனியிடம் இருக்கின்றன. உங்கள் ஊர்தானே, உங்களுக்கா கஷ்டம்?"

அஸ்ரின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கேட்வே ஆஃப் இந்தியா, பழைய ரயில் நிலையம், மரைன் டிரைவ். அடுத்து தாராவி. அதைத் தள்ளாமல் உற்றுப் பார்த்தாள். குறுகலான சந்து, மேலே கயிறு கயிறாய் மின்கம்பி, கீழே நீல டிரம், ஒரு இரும்பு ஏணி. அவர்கள் ஏணி. ஏணியில் காய்கிற பச்சைப் போர்வை கீழ்வீட்டு ஹாஃபிஸாவுடையது.

"இந்தப் படத்தை எடுத்துவிடலாமா?" என்று ஹெலனிடம் கேட்டாள்.

"முடியாது. அந்தச் சந்துகளுக்கு நாங்கள் சுற்றுலா நடத்துகிறோம். டிக்கெட் விற்கிறோமே."

ஒரே மூச்சில் அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று முடிவு செய்தாள். உம்மாவிடம், "கப்பல் ஆடுது, நீ கேபின்லயே படுத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் கேபினில் படுத்தால் சாயிராவுக்குக் குமட்டியது. அவள் எழுந்து சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, அரங்கத்தின் முன்வரிசையில் பெவர்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மேடையிலிருந்து அஸ்ரின் அதைப் பார்த்தாள். போக இடமில்லாத ஜனமெல்லாம் அன்று அங்கேதான் இருந்தது. அரங்கம் நிறைந்திருந்தது.

கேட்வே போயிற்று. ரயில் நிலையம் போயிற்று. அந்தப் படம் வந்தது.

"இது தாராவி. அடுத்து..." என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை.

"ஏளா! நம்ம வீடுல்லா அது!"

சாயிரா எழுந்தே நின்றுவிட்டாள். விரலை நீட்டி, பக்கத்திலிருந்த பெவர்லியின் தோளைத் தட்டி, திரையைக் காட்டினாள். "அந்தா பாரு, எங்க ஏணி! ஹாஃபிஸா போர்வைய இன்னும் எடுக்காம போட்டிருக்கா பாரு! நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எவன்ளா இத போட்டோ புடிச்சான்?"

அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாய்நாத் கையை விசைமேல் வைத்தபடி அஸ்ரினைப் பார்த்தான். தமிழ் தெரியாவிட்டாலும் அவனுக்கு விஷயம் விளங்கியிருந்தது. அடுத்த படத்துக்குப் போகவா என்று கண்ணால் கேட்டான்.

"உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?" என்றாள் பெவர்லி.

அஸ்ரின் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். திரும்பவும் நடந்தாள். வாயில் பொய் ஏதாவது அகப்படுமா என்று தேடினாள். அகப்படவில்லை.

"அது எங்கள் வீடு என்கிறார். யாரைக் கேட்டுப் படம் எடுத்தார்கள் என்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் கேள்விகள் வந்தன. எல்லாம் சாயிராவுக்கு. எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறீர்கள், மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அஸ்ரின் நின்ற இடத்திலிருந்தே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மொழிபெயர்த்தாள். கடைசியில் ஒருவர், சுற்றுலாவுக்கு வருகிற நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். சாயிரா யோசிக்கவே இல்லை.

"வாங்க, நடங்க. தோல் பை வேணும்னா கடையில வாங்குங்க. வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாக்காம இருந்தாப் போதும். உள்ள பொம்பளப் புள்ளைக தல சீவிக்கிட்டிருக்கும்."

அஸ்ரின் இதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

சாயங்காலமே ஹெலன் கூப்பிட்டாள். அந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருந்தவர்களில் பலர் வேண்டாம் என்று டிக்கெட்டைத் திருப்பிவிட்டார்களாம். "நீங்கள் சயானில் இருப்பதாகத்தானே எழுதியிருந்தீர்கள்?" என்றாள். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒப்பந்தப்படி மிச்சமிருந்த அஸ்ரினின் மூன்றாவது உரை நடக்கவேண்டிய நேரத்துக்கு மறுநாள் அட்டவணையில் சல்சா நடன வகுப்பு வந்திருந்தது.

கேபினில் அஸ்ரின் வெடித்தாள்.

"உன்னை யாரு உம்மா அங்க வரச் சொன்னது? எவ்வளவு காலம் காத்திருந்து இந்தச் சான்ஸ் வந்துச்சு தெரியுமா? எல்லாம் போச்சு."

"நம்ம வீட்ட நம்ம வீடுன்னு சொன்னது தப்பாளா?"

"தப்பில்ல. ஆனா நான் சயான்னு எழுதிக் குடுத்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க. நான் மட்டுமா சொல்லுதேன்?"

சாயிரா கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "ஹாதி வீட்டாளுககிட்ட நானும் சயான்னுதான் சொன்னேன்" என்றாள். "பொண்ணு பாக்க வந்து, ஆட்டோவ விட்டு எறங்கி அந்தச் சந்தப் பாத்ததும் அவிய மூஞ்சி போன போக்க நீ பாக்கல. நான் பாத்தேன். கல்யாணம் முடியுற வரைக்கும் எனக்கு சோறு எறங்கல."

அஸ்ரினுக்கு இது புதுச் செய்தி. கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. கதவைத் திறந்துகொண்டு மறுபடி தளத்துக்கு நடக்கப் போய்விட்டாள்.

கொச்சியும் கோவாவும் வந்து போயின. இரண்டு ஊரிலும் அவள் இறங்கவில்லை. மும்பை நெருங்கிய காலையில் பெவர்லி வந்து, "உங்கள் வீட்டுக்கு நான் வரலாமா? எட்டிப் பார்க்க மாட்டேன், உள்ளே வந்து உட்காருவேன்" என்றாள். அஸ்ரின் ஏதாவது சாக்குச் சொல்ல வாயெடுப்பதற்குள், பெவர்லியின் கைஜாடையிலேயே விஷயம் புரிந்துகொண்ட சாயிரா, "ஆவோ, ஆவோ" என்று இந்தியில் வரச் சொல்லித் தலையாட்டிவிட்டாள்.

டாக்சியில் வரும் வழியெல்லாம் அஸ்ரின் நகத்தைக் கடித்தாள். அந்தப் பாட்டி ஏணியில் எப்படி ஏறுவாள்? ஏறினாள். நர்ஸாக இருந்த உடம்பு. ஒவ்வொரு படியாக நின்று நிதானித்து, மேலே வந்து, பாயில் கால் நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தாள். அஸ்ரின் உட்காரவே இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் இடையே இருந்த கொஞ்ச இடத்திலேயே திரும்பித் திரும்பி நின்றாள். மின்விசிறியின் சத்தம், கீழே தோல் அடிக்கிற சத்தம், சாக்கடை நாற்றம் எல்லாம் அன்றைக்கு மட்டும் அதிகமாக இருப்பதாகத் தோன்றியது.

அவள் பயந்த கேள்வி வந்தது. "பாத்ரூம் எங்கே?"

வீட்டில் கிடையாது. அந்த வரிசையில் எந்த வீட்டிலும் கிடையாது. சயான் ஆஸ்பத்திரிப் பக்கம் ஏதாவது ஹோட்டலுக்கு அழைத்துப் போய்விடலாமா என்று அஸ்ரினின் மனசு ஓடியது. அதற்குள் சாயிரா எழுந்து, விருந்துக்கு வந்த சொந்தக்காரியைக் கூட்டிப் போவது போல, பெவர்லியின் கையைப் பிடித்து ஏணியில் இறக்கி, சந்து முனையிலிருக்கும் பொதுக் கழிப்பறைக்கு நடத்திப் போனாள். வரிசையில் நின்ற பெண்களிடம் ஏதோ சொல்லி முன்னால் விடச் செய்தாள். ஹாஃபிஸா வாளியில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

திரும்பி வந்த பெவர்லி பாராட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. "முட்டி வலிக்கிறது. இன்னும் கொஞ்சம் தேநீர் கிடைக்குமா?" என்றாள்.

அப்போதுதான் அஸ்ரின் உட்கார்ந்தாள்.

அந்த ஏஜென்சி அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. வேறு ஏஜென்சிகளுக்கு எழுதினாள். வெகு நாள் கழித்து ஒரு சின்னக் கப்பலில் இடம் கிடைத்தது. இந்த முறை அறிமுகத்தில் தாராவி என்றே எழுதினாள். அதனால் கிடைத்ததா, அதையும் மீறிக் கிடைத்ததா என்று அவளுக்குத் தெரியாது. மும்பையைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் தான் எடுத்த படங்களையே காட்டுகிறாள். ஹாஃபிஸாவிடம் கேட்டு எடுத்தவை. கூட்டம் சில நாள் வரும், சில நாள் தூங்கும். இப்போதெல்லாம் யாராவது பாதியில் எழுந்து போனால் அவளுக்கு அவ்வளவு வலிப்பதில்லை.

சாயிரா மறுபடி கப்பல் ஏறவில்லை. "சும்மா உக்காந்து உக்காந்து காலு மரத்துப்போச்சு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பள்ளியில் விடுப்பு கேட்டுக் கேட்டு ஹெட்மாஸ்டருக்கும் அஸ்ரினுக்கும் பேச்சு வார்த்தை குறைந்துவிட்டது. வந்தனா டீச்சர்தான் அவள் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாள்.

போன மாசியில் அஸ்ரின் கப்பலில் ஓமன் பக்கம் போய்விட்டு வந்தாள். பெட்டியை ஏணிப் பக்கமாக வைத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்தாள். எழுந்து ஜன்னலுக்கு வந்தாள், வாசலுக்குப் போனாள், மொபைலை எடுத்துப் பார்த்தாள், மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சாயிரா தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தப் பெட்டிய பரண்ல ஏத்தாதளா" என்றாள். "ஏணிப் பக்கத்துலயே கெடக்கட்டும்."