பாடை தூக்காதவன்

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் இருக்கும் ஜெயக்கொடியின் தையல் கடைக்குப் போனால் முதலில் அவள் காதைப் பார்க்க வேண்டும். காதில் இயர்போன் இருந்தால் ஜாக்கெட் அளவைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. எந்த ஊரிலோ யாரோ யாரையோ கொன்ற கதை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். குரு என்கிற சென்னைப் பையன் யூடியூபில் நடத்தும் பாட்காஸ்ட் அது. பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்கிற மாதிரி ஒரு குரல் அவனுக்கு. மிஷினை மிதித்தபடியே அவள் ஒன்றுவிடாமல் கேட்டு முடித்திருந்தாள்.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது அவன் கடைசியில் சொல்லும் வாக்கியம். "இவர்தான் செஞ்சாருன்னு நான் சொல்லல. முடிவு உங்க கையில." எட்டாவதோடு படிப்பு நிறுத்தப்பட்ட ஜெயக்கொடியிடம் அதுவரை யாரும் எதற்கும் முடிவு கேட்டதில்லை. அவளும் குறை வைக்காமல் தீர்ப்பு எழுதினாள். பெண்டாட்டி செத்ததற்கு அழாத ஒருவனைப் பற்றி, 'இவன் மூஞ்சியே சரியில்ல, புடிச்சி உள்ள போடுங்க' என்று அவள் போட்ட கமெண்ட்டுக்கு லைக் வந்து குவிந்தது. அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அவள் புருஷன் பார்த்திபனுக்கு இதெல்லாம் ஆகாது. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். அவலூர்பேட்டை சாலையில் இருக்கும் கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, சாயங்காலம் வேனைக் கழுவி நிறுத்திவிட்டால் அவன் உலகம் முடிந்தது. "இன்னாமே, செத்தவங்கள நிம்மதியா உடமாட்டியா?" என்பான். அவள் வால்யூமைக் கூட்டிக்கொள்வாள்.

போன ஆடியில் குருவின் புதுக் கதை வந்தது. 'செஞ்சி' என்று காதில் விழுந்ததும், அட நம்ம ஊராச்சே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. பிறகு அன்புச்செல்வன் பெயர் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் கல்குவாரிக் குட்டையில் செத்து மிதந்தவன். பார்த்திபனின் உயிர்ச் சிநேகிதன். அந்த வேனையே இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். குடித்துவிட்டுக் குளிக்க இறங்கியவன் மூழ்கிவிட்டான் என்று போலீஸ் விசாரித்து மூடிய கேஸ் அது.

மூடியதைத் திறப்பதுதானே குருவின் தொழில். அன்புவின் தாய் செல்லம்மாளைத் தேடிப் பிடித்துப் பேசவைத்திருந்தான். "கூடப் பொறந்தவனாட்டம் எம் ஊட்ல சோறு துன்னவன். எம் புள்ளையத் தூக்க வரலியே. தெருக்கோடியில நின்னு பாத்துட்டுப் பூட்டானே" என்று அந்தத் தாய் அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை. அதற்கு அடியில் வயலினை ஓடவிட்டு, குரு மூன்று போட்டோக்களைக் காட்டினான். திருவிழாவில் பார்த்திபன் மழமழவென்ற முகத்தோடு நிற்கிறான். சாவு நடந்த தெருவில் தாடியோடு நிற்கிறான். கேஸ் முடிந்த பிறகு தாடி இல்லை. "உயிர் நண்பனோட பாடைய ஏன் தூக்கல? திடீர்னு ஏன் தாடி? வேன் இப்ப யாருகிட்ட இருக்கு? நான் எதுவும் சொல்லல. முடிவு உங்க கையில."

முடிவு மறுநாளே வந்துவிட்டது. ஜெயக்கொடி கமெண்ட்டுகளைப் படித்தாள். அவன் மூஞ்சியே சரியில்லை என்று யாரோ ஒரு புண்ணியவதி எழுதியிருந்தாள். பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருத்தியாகப் போன் செய்தார்கள். "யக்கா, தப்பா நெனச்சிக்காத. பாப்பா இனிமே அவங்க நைனா வண்டியிலயே வந்துடும்." வேன் பாதி காலியானது. பார்த்திபன் யார்மேலும் கோபப்படவில்லை. சாயங்காலம் காலி சீட்டுகளையும் சேர்த்தே கழுவினான்.

அவன் ஏன் பாடை தூக்கவில்லை என்பது ஜெயக்கொடிக்குத் தெரியும். அன்பு செத்தபோது அவளுக்கு நாலு மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போனதால், வயிறு வெளியே தெரிகிற வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். புள்ளத்தாச்சியின் புருஷன் முகம் மழிக்கக் கூடாது, பாடை தூக்கக் கூடாது. அதனால்தான் தாடி. அதனால்தான் தெருக்கோடி. "அவன் என் அன்புமே, நான் போறேன்" என்று கிளம்பியவனின் கையைப் பிடித்து, தன் வயிற்றின்மேல் வைத்து நிறுத்தியவளே அவள்தான்.

அத்தனை காபந்து செய்தும், ஐந்தாம் மாதத்தில் ஒரு விடியற்காலை வீட்டிலேயே எல்லாம் முடிந்துபோனது. சிநேகிதன் பிணத்தைத் தொடாமல் நின்றவன், தன் பிள்ளையைப் பழஞ்சேலையில் சுற்றி ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து தாடியை எடுத்தான். எங்கே வைத்தான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

இப்போது அதைச் சொன்னால்தான் அவன் தலை நிமிர முடியும். குருவின்மேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. விவரம் தெரியாமல் பேசிவிட்டான், தெரிந்தால் அவனே மாற்றிச் சொல்வான் என்று நினைத்தாள். பார்த்திபனுக்குத் தெரியாமல், கடைக்கதவைச் சாத்திக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் பேசினாள். பிள்ளை தவறியதைச் சொல்லும்போது தேம்பிவிட்டாள். அதை அழிக்காமல் அப்படியே அனுப்பினாள்.

அடுத்த வாரம் அவள் குரல் வந்தது. "அவரு பாடை தூக்கல, நெசந்தான்." வயலின். "நான் புள்ளத்தாச்சியா இருந்தேன். யாருக்கும் சொல்லல." மறுபடி வயலின். தான் தேம்பிய இடம் இதோ வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவேயில்லை. பிள்ளை தவறியதை அந்தப் பாவி வெட்டி எறிந்திருந்தான். "அவங்க வலிய நான் மதிக்கிறேன்" என்றான் குரு. "ஆனா அந்த வீட்ல கொழந்தையே இல்லையே. அப்ப அந்தக் கொழந்த எங்க?"

கேட்டவர்கள் எல்லோரும் அதையே திருப்பிக் கேட்டார்கள். தைத்த ஜாக்கெட்டை வாங்க வந்த கலைவாணி, பையில் போட்டுக்கொண்டே, "ஏன்க்கா, நெசமாவே எங்க பொதச்சீங்க?" என்றாள். வீட்டில் பார்த்திபன், "அதையும் குடுத்துட்டியாமே அவங்ககிட்ட" என்றான். அவன் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில், போனில் வீடியோ எடுத்தபடியே ஒரு கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு போனார்கள். வேன் கழுவிக்கொண்டிருந்த பார்த்திபன் குழாயைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினான். ஜெயக்கொடியும் பின்னால் ஓடினாள்.

கரையில் ஒரு புங்கமரத்தைப் பையன்கள் நெருங்கியதும் அவன் குறுக்கே விழுந்து கையை விரித்தான். "தம்பி, இங்க வேணாம். எங்க வேணா குத்துங்க. இங்க மட்டும் வேணாம் தம்பி."

ஜெயக்கொடி அப்படியே நின்றுவிட்டாள். வெயில் நேரத்தில் அவள் எத்தனையோ முறை உட்கார்ந்து போன நிழல் அது.

போன் பிடித்தவன் ஓர் அடி பின்னால் நகர்ந்து மரத்தையும் பார்த்திபனையும் சேர்த்துப் பிடித்தான். "பாத்தீங்களா மக்களே, அவரே எடத்தக் காட்டிட்டாரு. முடிவு உங்க கையில."

அவனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. புங்கமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, போனில் விழாதபடி அந்த மண்ணின்மேல் தன் முந்தானையை இழுத்து மூடினாள்.