ஒரே பக்கம் பார்த்த பன்னிரண்டு இலைகள்

இது உண்மைக் கதை. என் இரண்டு கண்ணாலும் பார்த்தது. பன்னிரண்டு இலை, ஒரு கதவு, ஒரு கலியாணம், இந்த மூன்றும் சத்தியமாக நடந்தவை. மிச்சத்தைக் கொஞ்சம் இழுத்திருக்கிறேன். கொஞ்சம் என்றால், கைக்குட்டையை இழுத்து எட்டு முழ வேட்டி ஆக்கின மாதிரி. இழுக்காமல் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.

இதை நான் முதலில் சொன்னது 1997இல், லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில். கேக் வெட்ட வேண்டிய பிள்ளை நித்திரை. சாப்பாடும் வரவில்லை. என்னோடு மேசையில் இருந்தவர்கள் இரண்டு பேர். பக்கத்தில் சூசைதாசன், எதிரே யோகராஜா. மேசையில் பச்சை இலைகள் ஒட்டிய வெள்ளைத் துணி. நடுவில் ஷாம்பூ போத்தலின் கழுத்தை வெட்டிச் செய்த பூச்சாடி. ஒவ்வொருவருக்கும் முன்னால் நீலக் கடதாசியில் ஒரு தாமரை.

"இதார் செய்த கூத்து?" என்று யோகராஜா கேட்டான்.

"கனகமக்கா. உனக்கு அந்த மனுசியின்ரை கதை தெரியாதோ?" என்றேன்.

"சொல்லு பாப்பம். சோறு வருமட்டும் எதையாவது மெல்ல வேணுமே."

சொன்னேன்.

1992இல் நான் பிளேஸ்டோவில் கனகமக்கா என்கிற கனகாம்பிகை வீட்டு மேல்மாடியில் ஒரு பெட்டியறையில் வாடகைக்கு இருந்தேன். கால் நீட்டினால் ஜன்னலுக்கு வெளியே போகும், அவ்வளவு பெரிய அறை. கனகாம்பிகைக்கு மேசை அலங்காரம் என்றொரு வியாதி. பல்வலியே இல்லாமல் பல் வைத்தியரிடம் போவார். அங்கே கிடக்கும் புத்தகங்களில் வெள்ளைக்காரரின் சாப்பாட்டு மேசைப் படங்கள் இருக்கும். தாதி திரும்பும் நேரம் பார்த்து, இருமிக்கொண்டே கிழிப்பார். அந்த மனுசி இருமின இருமலில் அந்தத் தெருவுக்கே காசநோய் என்று பேர் வந்தது.

படத்தில் இருப்பதெல்லாம் வீட்டிலும் வேண்டும். ஆனால் காசு செலவாகக் கூடாது. புருசன் குலசேகரம் பெற்றோல் நிலையத்தில் வேலை. அங்கே கை துடைக்க வைத்திருக்கும் நீலக் கடதாசிதான் இங்கே தாமரையாக மடிந்தது. வாய் துடைத்தால் பெற்றோல் மணக்கும். கோயில் மண்டபப் பழம்பொருள் விற்பனையில் பத்துப் பென்சுக்கு ஒன்று என்று கோப்பைகள் வாங்கினார். ஒன்றோடொன்று சேராது. ஒன்றில் யாரோ வீட்டு நாயின் படம். எனக்கு எப்போதும் அந்த நாய்தான்.

"செற்றா இல்லாததுதான் தம்பி இப்ப ஸ்ரைல்," என்பார்.

கத்தரிக்காய்க் குழம்புக்கு மூன்று முள்ளுக்கரண்டி வைப்பார். யாரும் தொடமாட்டோம். கையால் சாப்பிட்டு முடிந்ததும், தொடாத கரண்டி எல்லாவற்றையும் அவரே கழுவி அடுக்குவார். இப்படி ஒரு வீண் வேலையை நான் லண்டனில் கவுன்சில் கந்தோரில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த வியாதிக்கு ஒரு காரணம் இருந்தது. அவரின் தங்கை தவநாயகிக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று சம்பந்தம் வந்து குழம்பிவிட்டது. கடைசியாக வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, ஏவறை விட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று போனார்கள். இன்றுவரை யோசிக்கிறார்கள். அன்று மேசையில் பழைய பேப்பர் விரித்துச் சாப்பாடு போட்டதால்தான் அது குழம்பியது என்று கனகாம்பிகை முடிவு கட்டிவிட்டார்.

நாலாவது சம்பந்தம் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரிலிருந்து வந்தது. மாப்பிள்ளை பாலேந்திரா. பேச்சு நடத்துகிறவர் அவரின் மாமி சிவமலர். தவநாயகி தமக்கையிடம் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இதுதான் கடைசி. இவையும் யோசிக்கப் போனால், இனி ஒருத்தருக்கும் நான் தேத்தண்ணி கொண்டந்து குடுக்கமாட்டன்."

கனகாம்பிகை தலைவாழை இலை விருந்து என்று தீர்மானித்தார். ஆனால் கடையில் இலை ஒன்று ஒரு பவுண். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பவுணா? மேசைக்கு விரிக்கும் பச்சை பிளாஸ்ரிக் ஷீற்றில் இரண்டு யார் நீளம் வாங்கி வந்து இலை இலையாக வெட்டினார். மஞ்சள் நெயில் பொலிஷால் நடு நரம்பு கீறினார். சோறு குழைக்கும்போது வழுக்கக் கூடாது என்று, வெள்ளைப் படுக்கை விரிப்பின் இரண்டு ஓரத்திலும் ஆறு ஆறாக, கார்ப்பெற் ஒட்டும் பசையால் ஒட்டினார். மேசை நீளம் போதாது. என் அறைக் கதவைக் கழற்றிப் பக்கத்தில் சேர்த்தார். கதவில்லாத அறையில் இரண்டு நாள் படுத்தவனுக்குத்தான் தெரியும், கலை என்றால் என்னவென்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு பேர் வந்தார்கள். மிச்சத்தில் வாங்கின வீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தது போல சிவமலர் நடந்தார். எங்கள் கார்ப்பெற்றைப் பார்த்து, அது செத்த எலி என்பது போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். வந்தவர்களை மரியாதையாக ஜன்னல் பக்கம் இருத்தினோம். நாங்கள் எதிர்ப்பக்கம்.

சிவமலர் குனிந்து இலையைப் பார்த்தார். பிறகு எங்கள் இலையைப் பார்த்தார்.

"இதென்ன, எங்கடை இலையெல்லாம் நுனி வலப்பக்கம் பாக்குது?"

கையை இடுப்பில் வைத்து நிமிர்ந்தார்.

"நாங்கள் பொம்பிளை பாக்க வந்தனாங்களோ, அந்தியேட்டிக்கு வந்தனாங்களோ?"

நல்ல காரியத்துக்கு இலை நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். மாறிப் போடுவது அந்தியேட்டி மாதிரிச் செத்த வீட்டுக் காரியத்தில். கனகாம்பிகைக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவர் கண்ட பந்தியெல்லாம் ஒரே வரிசை, எல்லா இலையும் ஒரே பக்கம் பார்க்கும். அதே பழக்கத்தில் ஒரு பக்கம் நின்றபடி பன்னிரண்டையும் ஒரே திசையில் ஒட்டிவிட்டார். வெள்ளைக்காரன் மேசைக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மறந்துபோனார். எங்களுக்குக் கலியாண இலை. எதிரே இருந்தவர்களுக்குச் செத்த வீட்டு எட்டுச் செலவு.

குலசேகரம் ஓர் இலையை உரிக்கப் பார்த்தார். இலை வரவில்லை. துணி வந்தது, துணியோடு என் கதவும் எழும்பியது.

"இஞ்சாருங்கோ, விடுங்கோ! துணியைத் திருப்புவம்," என்றார் கனகாம்பிகை.

தலைமாடு கால்மாடாகத் திருப்பினோம். இப்போது அவர்களுக்குச் சரி. செத்த வீடு எங்கள் பக்கம் வந்துவிட்டது.

"அப்ப என்னைச் சாகச் சொல்லுறியோ?" என்று குலசேகரம் எழும்பினார்.

"நானும் இதிலை இருக்கமாட்டன் அக்கா. வாடகைதான் தாறன், உயிர் தாறனெண்டு சொல்லேல்லை," என்றேன்.

கனகாம்பிகை வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சரி, முதல் பந்தி அவை. பிறகு அதே பக்கத்திலை நாங்கள். பிளாஸ்ரிக்தானே, துடைச்சால் புது இலை."

அவர்கள் சாப்பிட்டார்கள். சிவமலர் மூக்கைச் சுளித்துச் சுளித்து மூன்று தரம் சோறு வாங்கினார். அந்தியேட்டி வீட்டுக் கத்தரிக்காய் அவ்வளவு ருசி. பாலேந்திரா இரண்டு மணித்தியாலத்தில் "தண்ணி" என்ற ஒரு சொல்லைத்தான் செலவழித்தார். அவர்கள் எழும்பியதும் கனகாம்பிகை நீலக் கடதாசியோடு துடைக்க வந்தார்.

"எச்சில் இலையிலையோ நான் சாப்பிடுறது?" என்றார் குலசேகரம். என் காலும் நகரவில்லை.

சிவமலர் தன் குளிர் கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார். "பொம்பிளை வீட்டுக்காரரே தங்கடை இலையிலை இருக்கப் பயப்பிடினம். நாங்கள் போய் யோசிச்..."

அந்தச் சொல் முடியவில்லை. தவநாயகி சோற்றுப் பானையோடு வந்தாள். பாலேந்திராவின் இலையைத் துடைக்கப் போன தமக்கையின் கையைத் தட்டிவிட்டாள். பாலேந்திரா இருந்த கதிரையில் இருந்தாள். அவர் மென்று வைத்த முருங்கைக்காய்ச் சக்கையை ஓரம் ஒதுக்கிவிட்டு, அதே இலையில் சோறு போட்டுக் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

மாப்பிள்ளை சாப்பிட்ட இலையில் பொம்பிளை சாப்பிடுவது எப்போது? தாலி கட்டின அன்று.

"ஐயோ! தாலி கட்ட முன்னமே இலையிலை இருந்திட்டாள்!" சிவமலரின் கை கோட்டுக்குள் பாதியில் நின்றது.

பாலேந்திரா குழம்புச் சட்டியை எடுத்தார். "இன்னும் கொஞ்சம் விடவோ?" என்று தவநாயகியைக் கேட்டார். பிறகு மாமியைப் பார்த்தார். "இனி யோசிக்க என்ன கிடக்கு மாமி?"

ஆவணியில் கலியாணம். இப்போது நித்திரை கொள்கிறதே கேக் வெட்ட வேண்டிய பிள்ளை, அது அவர்களின் இரண்டாவது.

கதை முடிந்தது. சூசைதாசன் கண்ணைத் துடைத்தான். "என்ன துணிச்சல்! அது காதலடா."

"மண்ணாங்கட்டி. விடியத்தொடக்கம் அவள் பச்சைத் தண்ணி குடிக்கேல்லை. பசி," என்றேன்.

யோகராஜா குனிந்து மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை இலை. நடுவில் மஞ்சள் கோடு. விரலால் சுரண்டி மணந்து பார்த்தான்.

"டேய், இது நெயில் பொலிஷ்."

"ஓம். கனகமக்கா ஒரு சாமானையும் எறியமாட்டா. தோய்ச்சு மடிச்சு வைச்சிருப்பா."

"என்ரை நுனி வலப்பக்கம் பாக்குது!"

"நீ எதிர்ப்பக்கம் இருந்தால் அது வேறை எங்கை பாக்கும்?"

யோகராஜா துள்ளி எழும்பினான். "சூசை, எழும்பு. இடம் மாறு. நீ வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், உனக்கு நுனியுமில்லை அடியுமில்லை."

"ஏன், வேதக்காரன் சாகமாட்டானோ? கதை கேட்ட பிறகு நான் அந்தப் பக்கம் வரமாட்டன்."

"அப்ப துணியைத் திருப்பு!"

"திருப்பினால் எனக்கெல்லோ வரும், விசரா! கையை எடு!"

ஒருவன் அந்தப் பக்கம் இழுத்தான், மற்றவன் இந்தப் பக்கம் இழுத்தான். ஷாம்பூ போத்தல் சரிந்து தண்ணீர் என் மடியில் ஊற்றியது. சோற்றுச் சட்டியோடு வந்த கனகாம்பிகை தூரத்தில் நின்றே கத்தினார்.

"டேய், துணி கிழியப் போகுது! நாளைக்கு இந்தப் பிறந்தநாள் பிள்ளையையும் பொம்பிளை பாக்க வருவினம், அதுக்கு வேணும்!"

"கிழியட்டும்!" என்று யோகராஜா கதிரையை உதைத்தான். சூசைதாசன் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்தான்.