பாஸ் கொடுத்தவனுக்குக் கட்டம் இல்லை

நேற்று ஆபீஸ் சாப்பாட்டு அறையில் ஒருத்தன் தயிர்சாதத்தில் ஸ்பூனைக் குத்தி நிறுத்திவிட்டுத் தீர்ப்பு சொன்னான்: "அதிகப் பாயிண்ட் போட்டவன் எவனோ, அவனுக்குத்தான் அவார்டு. இதுல பேச என்ன இருக்கு?" அமெரிக்காவில் தொழிலாகக் கூடைப்பந்து ஆடுகிறவர்களில் இந்த வருஷத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் யார் என்பதுதான் பேச்சு. அன்று காலையில்தான் அறிவித்திருந்தார்கள். விருது, தான் போடுவதைவிட அடுத்தவனுக்குப் பாஸ் கொடுத்தே ஜெயிக்க வைக்கிற ஒருவனுக்குப் போயிருந்தது. தயிர்சாதத்துக்காரனுக்கு அது பொறுக்கவில்லை. எனக்கு அவனைப் பொறுக்கவில்லை. நான் கையை வீசிப் பேசியதில் ரசம் என் சட்டையிலேயே கொட்டியது. அமெரிக்காவை மேப்பில் மட்டும் பார்த்தவனுக்கு இதில் என்ன இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

சட்டையில் ஏறிய மிளகு வாசம் இருக்கிறதே, அது என்னை நேராகச் செங்கோட்டை ரோட்டுக்குக் கொண்டுபோய்விடும். குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல் பரோட்டாவும் மிளகுக் கோழியுமாக உட்கார்ந்திருந்த நாட்கள். தென்காசியில் நாங்கள் எட்டுப் பேர், ஒரு கூடைப்பந்து டீம். எட்டாவது ஆள் நான். பெஞ்சில் உட்காருவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் என்றால் இங்கே விடிகாலை. பிராக்டீஸ் முடிந்ததும் ஒரு போன் மேல் எட்டுத் தலை கவிழ்ந்திருக்கும். அந்த வருஷ விருதுக்கு ரெண்டு பேர் போட்டி. வாயில் நுழையாத பேரெல்லாம் எதற்கு என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். பாயிண்டாகக் கொட்டுகிறவன் அருவி. பாஸ் கொடுத்து ஆட்டத்தை நடத்துகிறவன் மடைக்காரன். ரெண்டாவது பேரை வைத்தது இசக்கி. அச்சன்புதூரில் வயக்காட்டு வீட்டுப் பிள்ளை. எங்கள் டீமில் பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கிறவனும் அவன்தான்.

விருது அருவிக்குப் போனது. இசக்கி ஒத்துக்கொள்ளவில்லை. சாரல் தொடங்கியதும் மறுவாக்குப்பதிவு வேண்டும் என்றான். எங்கள் வாக்குச்சாவடி ஐந்தருவி. அருவிக் கட்சி தண்ணீர் கனத்து விழுகிற கிளையில் நிற்க வேண்டும், மடைக்காரன் கட்சி ஒல்லியாக விழுகிற கிளையில். ஏழு பேர் இங்கே முண்டிக்கொண்டு நிற்போம். இசக்கி அங்கே தனியாக, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நிற்கும் வெளியூர் மாமாக்களுக்கு நடுவிலிருந்து கத்துவான்.

"ஏலே, அருவிய நாலு நாளு வந்து வேடிக்கை பாத்துட்டுப் போயிருவானுவ. வயலுக்குத் தண்ணி போவணும்னா மடையத் தொறக்க ஒருத்தன் வேணும்லே!"

"மடையத் தொறந்தவன எவம்லே போட்டோ எடுக்கான்?" இது செல்வின். ஹார்டுவேர் கடைக்காரர் மகன், எங்கள் டீமில் பாயிண்ட் குவிக்கிறவன்.

நான் சும்மா இருப்பேனா? "பாயிண்டு கண்ணுக்குத் தெரியுது. நீ சொல்லுதது எங்கன இருக்கு? பேப்பர்ல காட்டு பாப்போம்."

"நீ எழுதாட்டா எங்கன இருக்கும்?" என்றான் இசக்கி.

அது என்னைச் சுட்டுவிட்டது. ஏனென்றால் எழுதுகிறவன் நான்தான். ஆடத் தெரியாதவனுக்குக் கையெழுத்தாவது நன்றாக இருக்கிறதே என்று ஸ்கோர் ஷீட்டை என்னிடம் தள்ளியிருந்தார்கள். அந்த ஷீட்டை அச்சடித்த புண்ணியவான் பாயிண்டுக்குக் கட்டம் போட்டிருந்தான், ஃபவுலுக்குக் கட்டம் போட்டிருந்தான். ஒருவன் செய்த தப்பை எழுத இடம் உண்டு. பாஸ் கொடுத்ததை எழுத இடமே கிடையாது!

அதே மாசம் தென்காசியில் டோர்னமென்ட். விட்டு விட்டுத் தூறல். கோர்ட்டைச் சாக்கால் துடைத்துத் துடைத்து ஆடினார்கள். இசக்கியை மடக்க வேண்டும் என்றே, ஃபைனலில் அவன் பாஸ் பாயிண்டாக மாறும்போதெல்லாம் ஷீட்டின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஆறேழு தேறினால் அதிகம் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்தபோது பதினேழு கோடு. கோப்பையும் எங்களுக்குத்தான்.

சிறந்த ஆட்டக்காரன் யார் என்று முடிவு செய்ய வேண்டியவர் கமிட்டி அண்ணாச்சி, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பட்டம் வாங்கியவனை மாவட்ட டீம் முகாமுக்குக் கூப்பிடுவார்கள். மாவட்டத்துக்கு ஆடி, மாநிலத்துக்கு ஆடி, போலீஸ் டீமில் சேர்வதுதான் இசக்கியின் ஒரே திட்டம். எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"தம்பி, அதிகம் யாருடே?"

"செல்வின், அண்ணாச்சி. இருபத்தாறு."

"அந்த அச்சன்புதூர்ப் பய நல்லா ஆடுனானே, அவன் எத்தன?"

"நாலு."

"நாலுதானா?" என்று நம்பாமல் பார்த்தார். ஷீட்டைத் திருப்பிக் காட்டியிருந்தால் போதும். பக்கத்தில் நின்ற இசக்கி மேசையில் ஓங்கி அடித்தான். "ஏலே, நீ பாத்ததச் சொல்லுலே!" திருப்பினால் ஐந்தருவியில் அவன் சொன்னதெல்லாம் சரி என்றாகிவிடும். நான் பேனாவுக்கு மூடி போட்டேன்.

செல்வின் முகாமுக்கு ஒரே ஒரு நாள் போனான். "நாலரைக்கு எழுப்புதாங்கலே" என்று மறுநாளே திரும்பிவிட்டான். இப்போதும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் மேல், அண்ணாச்சி மேல், ஷீட்டை அச்சடித்தவன் மேல். மூவரையும் திட்டி முடித்தபிறகு மிச்சமிருப்பது யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நேற்று சாயங்காலம் இசக்கியைக் கூப்பிட்டேன். இப்போது புளியரை மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறான்.

"நீ சொன்ன மாதிரி ஆளுக்குத்தாம்லே இந்த வருஷம் குடுத்துருக்காங்க!"

"எத?"

"அவார்டலே!"

"நீ இன்னும் அதெல்லாம் பாக்கியா?"

அவன் அந்தக் காலத்தில் சொன்ன வாதங்களையெல்லாம் அவனிடமே பத்து நிமிஷம் பேசினேன். பிறகு பென்சில் கோடுகளைப் பற்றிச் சொன்னேன். அன்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் காட்டவில்லை, பதினேழு என்றேன். அந்தப் பக்கம் யாரோ பெட்டிகளை வண்டியில் தூக்கிப் போடுகிற சத்தம்.

"பதினேழா? நான் இருவதுன்னுல்லா எண்ணி வச்சிருந்தேன்" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். வந்துவிட்டான், இதோ ஆரம்பிக்கப் போகிறான் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். விட்டுப்போன மூணு எது எது என்று அவன் கேட்க வேண்டும், எந்தக் கண்ணால நீ பாத்தேன்னு என்னைக் கிழிக்க வேண்டும்.

"செரி, இருந்துட்டுப் போவுது விடுலே. மழைக்கு முந்தி மல ஏறணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.