நல்ல தண்ணீர் கொடுத்த ஊர்

தொண்ணூறுகளின் நடுவில், கிராமக் குடிநீர்த் திட்டத்துக்கு எந்த ஊர் தகுதியானது என்று பார்க்கும் அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். மயிலாப்பூரில் எங்கள் தெருவிலேயே லாரி வந்தால்தான் தண்ணீர். காலையில் குடத்தோடு முண்டியடித்துவிட்டு, பத்து மணிக்குப் போய் ஊராருக்குத் தகுதி சொல்வேன். இந்த லட்சணத்தில் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

விதி எளிமையானது. ஊரில் ஏற்கெனவே இருக்கும் அடிபம்பில் நல்ல தண்ணீர் வந்தால் புதுத் திட்டம் கிடையாது. உப்பாக இருந்தால் உண்டு. தரமணி தாண்டி ஒரு சிற்றூருக்கு என் மேலதிகாரியோடு போனேன். வெயிலில் நா வறண்டிருந்தது. பஞ்சாயத்து உறுப்பினரான ஓர் அம்மா சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். இருவரும் மடக் மடக்கென்று குடித்தோம்.

“அருமையான தண்ணி” என்றார் அதிகாரி. பம்பை அடித்துக்கூடப் பார்க்காமல், தகுதியில்லை என்று எழுதிவிட்டார்.

விஷயம் தெரிந்து அந்த அம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“இன்னா சார், எங்க ஊர்ல நல்ல தண்ணி கீதுன்னு எழுதிட்டீங்களாமே?”

“நீங்க குடுத்ததைத்தானே குடிச்சோம்?”

“அது பம்புத் தண்ணி இல்ல சார். பக்கத்து ஊருக்கு நடந்து போய் எடுத்தாந்தது. வந்தவங்களுக்குப் போய் உப்புத் தண்ணி குடுப்பாங்களா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. மறுபடி வருகிறோம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இந்தத் தடவை பம்புத் தண்ணியையே குடுங்க.”

அவர் முகம் சுண்டிப்போனது. “வூட்டுக்கு வந்தவங்களுக்கு எப்டி சார்...” என்று இழுத்தார்.

“வேற வழியில்லம்மா” என்றேன். வழி இருந்தது. பம்பை அடித்துப் பாருங்கள் என்று அதிகாரியிடம் சொல்ல எனக்குத்தான் துணிச்சல் இல்லை.

அடுத்த முறை அவர் தலையைக் குனிந்தபடியே சொம்பை நீட்டினார். அதிகாரி ஒரு வாய் வைத்ததும் அந்த வாசலிலேயே துப்பினார்.

“மனுஷன் குடிக்கிற தண்ணியாம்மா இது? வந்தவங்களுக்கு இதையா குடுப்பீங்க?”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. “தப்பா நெனச்சுக்காதீங்க சார்” என்றார் அந்த அம்மா. நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி ஜீப்பில் உட்கார்ந்தபடியே தகுதி உண்டு என்று எழுதினார். வண்டி கிளம்பும்போது அந்த அம்மா என் பக்கம் வந்து, என்னைப் பார்த்து மட்டும் கைகூப்பினார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.